முழுசாக வந்த பணம்

துவாஸ், சிங்கப்பூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வெஸ்லின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் யேசுராஜ் மாமாவும் பெனிஷாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் இடுப்புவலி குறைந்ததா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உன் எண்ணுக்கு அடித்தால் மாமாதான் எடுக்கிறார். "அக்கா குளிக்கறா மச்சான்", "அக்கா துணி துவைக்கறா மச்சான்" என்கிறார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? அதனால்தான் நீ வேலை செய்கிற பாகலூர் ரோஜா ஷெட் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மாதாமாதம் நான் பணம் அனுப்புகிற விதம் உனக்குத் தெரியும். உன்னிடம் இருக்கும் ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்ணை மாமா போனில் சொல்வார். பணத்தையும் அந்த எண்ணையும் இங்கே உண்டியல் கடைக்காரரிடம் கொடுப்பேன். ஓசூரில் ஓர் ஆள் பைக்கில் வந்து நோட்டைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார். அந்த நோட்டுதான் ரசீது. சட்டப்படி இது தப்பு என்று தெரிந்தேதான் எல்லாரும் செய்கிறோம், வங்கியில் பிடித்தம் அதிகம் என்பதால்.

இப்போது அதற்கு அவசியமே இல்லை. இந்த நாடும் நம் நாடும் கைகோத்து, போனிலிருந்து போனுக்கே பணம் போகிற மாதிரி வங்கிகளை இணைத்திருக்கிறார்கள். செலவு மிகவும் குறைவு, சில நிமிடத்தில் போய்விடுகிறது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் நாற்பது பேர் இந்த விடுதியில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் வீடுகளில் ஒவ்வொரு தடவையும் 'பெட்ரோலுக்கு' என்று ஐந்நூறு குறைத்துத்தான் கொடுக்கிறானாம் அந்தப் பைக்காரன். உனக்கு மட்டும்தான் முழுசாக வருகிறது. "எங்கக்காவுக்கு ஒரு ரூபா கொறயல" என்று பெருமை பேசித்தான் இவர்களை நான் அந்தக் கடையில் சேர்த்துவிட்டேன். இப்போது கூசுகிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உன் பெயரில் ஒரு கணக்கு, அதோடு இணைந்த உன் போன் எண். அந்த போன் உன் கையில் இருக்க வேண்டும். எழுது.

பெனிஷாவுக்கு என் முத்தம்.
உன் தம்பி வெஸ்லின்


பாகலூர்
26 ஜனவரி 2025

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோலக் காக்கட்டும். இங்கே எல்லாரும் நலம். இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. பிப்ரவரிக்கு ரோஜா ஏற்றுமதி ஆர்டர் வந்துவிட்டதால் பத்து மணி நேரம் நின்றுகொண்டே முள் எடுக்கிறோம். விரலெல்லாம் கீறல், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா சுகம். கம்பெனி வேலை எப்போதும்போல. நீ வாங்கிக்கொடுத்த பைக்கைத் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருக்கிறது. பெனிஷா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

கணக்கு விஷயம் உடனே ஆகாது. ஆதாரில் என் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி இருக்கிறது. பேங்க்குக்குப் போனால் அரை நாள் கூலி போகும். எனக்குத்தான் முழுசாக வருகிறதே, நம் வரைக்கும் பழையபடியே இருக்கட்டுமே. நாற்பது பேருக்கு வாத்தியார் வேலை பார்க்க உன்னை யார் கேட்டார்கள்? வெயிலில் வேலை செய்கிறாய், ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கு.

இப்படிக்கு அக்கா ஜெபசீலி


துவாஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் விரல்களுக்கு இங்கிருந்து ஒரு களிம்பு அனுப்புகிறேன்.

உன் பதில் எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது, மறைக்கவில்லை. ஆதாரில் பெயர் திருத்துவது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா? இருபத்தெட்டுப் பேர் வீட்டில் கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஆடு மேய்க்கிற ஜவளகிரி அம்மாள் ஒருவர் போன மாதம் போனிலேயே பணம் வாங்கிவிட்டார். சொல்லிக் கொடுக்கிற என் அக்கா மட்டும் பத்து ரூபாய் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

உன் எண் வராததால் இந்த மாதமும் முப்பதாயிரத்தை உண்டியல் கடையிலேயே கட்டினேன். கடைக்காரர் முகம் சரியில்லை. "எங்க ஆளயெல்லாம் பேங்க் பக்கம் கூட்டிட்டுப் போறது நீதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

என் கட்டிலுக்கு மேல்கட்டில் திம்மராயன் அண்ணன், வேப்பனப்பள்ளிக்காரர். அவர் மனைவி மாரம்மாவுக்குப் போன மாதம் ஐந்நூறு அல்ல, ஆயிரம் குறைந்ததாம். பைக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லையாம். அந்தப் பக்கத்துச் சாலையெல்லாம் மாமாவுக்கு அத்துபடி. அவன் யார் என்று கொஞ்சம் விசாரிக்கச் சொல்லேன்.

தம்பி வெஸ்லின்


பாகலூர்
1 மார்ச் 2025

தம்பிக்கு,

நாங்கள் சுகம். களிம்பு வந்தது, விரல் ஆறிவிட்டது.

பணம் முப்பதாயிரமும் வந்தது, முழுசாக.

மாமாவை எதற்கு இதில் இழுக்கிறாய்? அவருக்கு ஷிப்ட் முடிந்து வரவே நேரம் சரியாக இருக்கிறது. யாரோ வெயிலிலும் மழையிலும் அலைந்து பணம் கொடுக்கிறான். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். பயந்துகொண்டுதான் அலைகிறானோ என்னவோ. உனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி எழுதாதே.

கணக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன் எண் பிறகு சொல்கிறேன்.

அக்கா


துவாஸ்
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். மனசு சுகமில்லை.

திம்மராயன் அண்ணன் மகள் சரிதா நர்சிங் படிக்கிறாள். அவள் கட்டணத்துக்காக அறுபதாயிரம் சேர்த்து அனுப்பினார். மாரம்மாவுக்கு இன்னும் கணக்குத் தொடங்கவில்லை, அதனால் கடைசியாக ஒரே ஒரு தடவை உண்டியலில் அனுப்பினார். பைக்காரன் வந்தான். நோட்டை முதலில் வாங்கிக்கொண்டான். "பணம் வண்டியில இல்லம்மா, ஒரு மணி நேரத்துல எடுத்துட்டு வர்றன்" என்றானாம். போனவன் போனவன்தான். கடைக்காரரைக் கேட்டால், "நோட்டு எங்க கைக்கு வந்தாச்சு, அப்படின்னா பணம் குடுத்தாச்சு" என்கிறார்.

இரண்டு வருடமாக மேல்கட்டிலில் படுக்கிற மனிதர். அழவில்லை அக்கா. சாப்பிடாமல் வேலைக்குப் போகிறார், வருகிறார். அந்தக் கடையை அவருக்குக் காட்டியவன் நான்.

நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு கிருஷ்ணகிரி எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு அனுப்பப் போகிறோம். "நாமளும்தான் மாட்டுவோம்" என்று சிலர் பயந்தார்கள். மாட்டினால் மாட்டுகிறோம் என்று சொல்லிவிட்டேன். மனுவை எழுதுவது என் பொறுப்பு. பைக்காரன் பெயர் தெரியாது, வண்டி எண் தெரியாது. அதற்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

உன் போன் எண் இன்னும் வரவில்லை. இந்த மாத முப்பதாயிரத்தையும் அதே கடையில்தான் கட்ட வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெஸ்லின்


துவாஸ்
20 ஏப்ரல் 2025, உயிர்த்தெழுந்த ஞாயிறு

அக்காவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

இன்று காலை உன் எண்ணுக்கு அடித்தேன். மாமா எடுத்தார். "அக்கா இன்னும் சர்ச்சுல இருந்து வரல மச்சான்" என்றார். அவருக்குப் பின்னால் நீ பெனிஷாவைச் சாப்பிடக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"சரிங்க மாமா" என்று வைத்துவிட்டேன். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மாமா உன்னை அடிக்கிறாரா? எதுவாக இருந்தாலும் எழுது, வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

உன் தம்பி


பாகலூர்
4 மே 2025

என் பிரியமான வெஸ்லினுக்கு,

தேவன் உனக்குப் பொறுமை தருவாராக. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, அப்படி நினைக்காதே. பெனிஷா பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

போன வாரம் லீவு போட்டுவிட்டு வேப்பனப்பள்ளிக்குப் போனேன். மாரம்மாவைப் பார்த்தேன். "திம்மராயன் அண்ணனோடு வேலை செய்கிற பையனின் அக்கா" என்றேன். அது பொய்யில்லை. மாங்காய் அறுவடை நேரம், கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். பாதி தெலுங்கு, பாதி தமிழ். மோர் கொடுத்தார். கேட்காமலே பை நிறைய மாம்பழம் கட்டிக் கொடுத்தார். சரிதா புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி மூலையில் வைத்திருந்தாள். ஜூன் முடிவதற்குள் அபராதத்தோடு கட்டினால் காலேஜில் சேர்த்துக்கொள்வார்களாம்.

"அவன் கொரலு கேட்டா கெட்டவன்னு தோணல கண்ணு. நோட்ட ரெண்டு தடவ கீழ உட்டான். காய்ச்சல்னு நெனச்சி தண்ணி குடுத்தன்" என்றார் மாரம்மா. பால் சொசைட்டி வாசலில் கேமரா இருக்கிறதாம். அதில் வண்டி எண் பதிவாகியிருக்குமாம். செகரட்டரி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

தம்பி, உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. பெனிஷாவின் ரிசல்ட் வரும்வரை மனுவை அனுப்பாதே. காரணம் கேட்காதே.

மாம்பழத்தைப் பெனிஷாதான் சாப்பிட்டாள். என்னால் முடியவில்லை.

அக்கா


துவாஸ்
18 மே 2025

அக்காவுக்கு,

ரிசல்ட் வந்திருக்கும். பெனிஷா எவ்வளவு மார்க்?

சொசைட்டி கேமராவில் எடுத்த படம் போன செவ்வாய் திம்மராயன் அண்ணன் போனுக்கு வந்தது. ஹெல்மெட் போட்ட ஆள், முகம் தெரியவில்லை. வண்டி எண் தெரிகிறது. கர்நாடகா ரெஜிஸ்ட்ரேஷன், கே.ஏ. 51. கடைசி நான்கு எண் 4307.

நான் சிங்கப்பூருக்கு வந்த முதல் வருடச் சம்பளத்தில் வாங்கிய வண்டி. அத்திப்பள்ளியில் பழைய வண்டி விற்கிறவரிடம் பேரம் பேசி, லீவில் வந்து நானே ஓட்டிக்கொண்டு வந்து மாமா கையில் சாவியைக் கொடுத்தேன். "தமிழ்நாட்டு நம்பரா மாத்தணும் மச்சான்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நீதான் செலவு என்று மாற்ற விடவில்லை.

படத்தைப் பார்த்ததும் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்தபோது திம்மராயன் அண்ணன் "என்னப்பா, தெரிஞ்ச வண்டியா?" என்றார். இல்லை என்றேன். இரண்டு வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய்.

மனு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாற்பது கையெழுத்து. எண்ணுக்கு விட்ட இடம் காலியாக இருக்கிறது. இரண்டு வாரம் டைம் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணை எழுதினால் மாமா ஜெயிலுக்குப் போவார். எழுதாவிட்டால் மேல்கட்டிலைப் பார்த்துப் படுக்க என்னால் முடியாது.

அக்கா, அந்த வண்டியை விற்றுவிட்டோம் என்று எழுது. யாருக்கு, எப்போது என்றெல்லாம் வேண்டாம். விற்றுவிட்டோம் என்ற ஒரு வார்த்தை போதும். நீ எழுதினால் நம்புவேன்.

வெஸ்லின்


பாகலூர்
31 மே 2025

வெஸ்லினுக்கு,

பெனிஷா நானூற்று நாற்பத்தொன்று. நன்றாகப் படித்திருக்கிறாள்.

வண்டியை விற்கவில்லை. வாசலில் நிற்கிறது.

மாமாவைக் கம்பெனியில் போன வருடம் மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். லைனை மூடியபோது காண்ட்ராக்ட் ஆட்கள் முப்பது பேரை ஒரே நாளில் அனுப்பினார்கள். "மச்சானுக்குச் சொல்லாத, வேற வேல கெடச்ச ஒடனே நானே சொல்றன்" என்றார். மூன்று மாதம் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு ஷிப்ட் நேரத்துக்கே வெளியே போவார். பிறகு கங்கப்பன் என்பவனிடம் சேர்ந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் துணிக்கடை வைத்திருக்கிறான். உங்கள் கடைக்காரருக்கு இந்தப் பக்கத்து ஆள் அவன்தான். ஐந்நூறு குறைக்கச் சொன்னவனும் அவன்தான், அதில் பாதி மாமாவுக்கு. ஆயிரம் குறைத்ததும் அவன் சொல்லித்தான்.

உன் பணத்தில் மட்டும் மாமா கை வைத்ததில்லை. உன் பங்குக்குக் கங்கப்பன் பிடித்ததைத் தன் கூலியிலிருந்து போட்டு நிரப்பி முழுசாக என் கையில் கொடுப்பார். அதை நீ அங்கே பெருமையாகச் சொல்லி ஆள் சேர்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அது என் பாவம்.

என் சிம் அவர் கையில்தான் இருந்தது. அந்த எண்ணில்தான் கங்கப்பன் கூப்பிடுவான். அதனால்தான் உனக்கு எண் தர முடியவில்லை.

நீ ஆட்களைப் பேங்க் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று தெரிந்ததும் கங்கப்பன் உன் பணத்தை நிறுத்திவிட்டான். "ஒங்க மச்சான் அங்க செய்யற வேலைக்கு இது போதும்" என்றானாம். பிப்ரவரிப் பணமும் மார்ச்சுப் பணமும் வரவே இல்லை. பிப்ரவரிக்கு மாமா யாரிடமோ முப்பதாயிரம் கடன் வாங்கி, உன் பணம் என்று என்னிடம் கொடுத்தார். மார்ச்சில் மாரம்மாவின் அறுபதாயிரம் கைக்கு வந்தது. பாதியைக் கடனுக்குக் கட்டிவிட்டு மீதி முப்பதாயிரத்தை உன் மார்ச்சுப் பணம் என்று என் கையில் வைத்தார். அடுத்த வாரம் புரட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாராம். நான் அதில் வாடகை கொடுத்தேன், பெனிஷாவுக்கு டியூஷன் கட்டினேன். இந்த இரண்டு மாதக் கதையை ஈஸ்டருக்கு முந்தின நாள்தான் என்னிடம் சொன்னார். ஜனவரியிலேயே நான் எண் கொடுத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. ஷெட்டில் முள் எடுக்கும்போதெல்லாம் இதையே நினைக்கிறேன்.

மாரம்மா வீட்டிலிருந்து வந்த அன்றே உனக்கு எழுத உட்கார்ந்தேன். பயம். இவர் போய்விட்டால் நானும் பெனிஷாவும் என்ன செய்வோம் என்ற பயம். உன் கடிதத்தில் "நம்புவேன்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுத்தான் இனி முடியாது என்று தோன்றியது. உன்னைப் பொய்யை நம்ப வைத்துவிட்டு நான் எந்தச் சர்ச்சில் போய் முழங்கால் போடுவது?

மனுவில் வண்டி எண்ணை எழுது. பக்கத்தில் பெயரையும் எழுது. இதை எழுதும்போது மாமா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். "கங்கப்பன் பேரயும் எழுதச் சொல்லு. ஸ்டேஷன்ல நானே எல்லாத்தயும் சொல்றன்" என்கிறார். இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

உள்ளே ஒரு பத்து ரூபாய் நோட்டு வைத்திருக்கிறேன். மாரம்மாவினுடையது. கங்கப்பன் எண்ணைச் சரிபார்த்துவிட்டு நோட்டை மாமாவிடமே கொடுத்துவிட்டானாம். மாமாவால் அதைச் செலவழிக்க முடியவில்லை. திம்மராயன் அண்ணனிடம் கொடு.

மாரம்மாவை வேப்பனப்பள்ளி பேங்க்குக்கு நானே கூட்டிப்போனேன். கணக்கு ஆகிவிட்டது. எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கீழே உள்ளது என் எண், என் கணக்கும் ஆகி அதோடு இணைத்துவிட்டார்கள். சிம் இப்போது என் கையில்.

உன் அக்கா ஜெபசீலி


துவாஸ்
15 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. கர்த்தர் உன்னோடு இருக்கட்டும்.

போன ஞாயிறு எல்லாரையும் கூட்டி வைத்து உன் கடிதத்தை முழுசாக வாசித்தேன். இது என் அக்கா எழுதியது, அந்த வண்டி நான் வாங்கிக்கொடுத்தது என்றேன். திம்மராயன் அண்ணன் நோட்டை வாங்கினார். தன் டைரியை எடுத்து, அதில் எழுதி வைத்திருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "ஒம் பணம் மட்டும் முழுசா எப்பிடி வருதுன்னு இத்தன நாளா யோசிச்சேன் வெஸ்லின்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை.

டிசம்பர் லீவுக்கு வைத்திருந்த டிக்கெட் பணத்தையும் கொஞ்சம் அட்வான்ஸையும் சேர்த்து, அவர் முன்னாலேயே மாரம்மா எண்ணுக்கு அறுபதாயிரம் அனுப்பினேன். இரண்டு பேரும் அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். "வந்துடுச்சி. முழுசா வந்துடுச்சி" என்று மாரம்மா கத்தினார். ஒரு வருடமாக நான் ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தை. அன்று அதைக் கேட்டு அழுதேன்.

மனுவில் எண்ணை எழுதினேன். மாமா பெயரையும் கங்கப்பன் பெயரையும் எழுதினேன். ஆட்களைச் சேர்த்துவிட்டவன் என்று என் பெயரையும் எழுதினேன். நாளை தபாலில் சேர்ப்பேன். அது அங்கே வந்து சேர எப்படியும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் மாமா தானாகவே ஸ்டேஷனுக்குப் போனால் நல்லது. நீயும் கூடப் போ, தனியாக விடாதே. அவர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவர் தன் கூலியிலிருந்து போட்டு நிரப்பிய பணத்தையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் அவரிடம் சொல்.

டிசம்பருக்கு வர மாட்டேன். பெனிஷாவிடம் நீதான் சொல்ல வேண்டும்.

உன் எண்ணுக்கு இன்று கொஞ்சம் பணம் அனுப்பிப் பார்த்தேன். எண்ணைப் போட்டதும் திரையில் உன் பெயர் வந்தது. நாளை வேலை முடிந்ததும் ஏழு மணிக்கு அடிக்கிறேன் அக்கா. நீயே எடு.

உன் தம்பி
வெஸ்லின்